காரல் மீன் குலம்

கல்வராயன் மலையடியிலுள்ள கள்ளக்குறிச்சி நாட்டிற்குக் கடல் இல்லை. 2019 ஆம் ஆண்டில் விழுப்புரத்தினின்று பிரிந்து தனி மாவட்டமான பின்னரும் அதற்குக் கடற்கரை வாய்த்திலது. ஆயினும் அம்மலையிற் பிறக்கும் மணிமுத்தாறும் கோமுகியும் வெள்ளாற்றோடு கூடிப் பரங்கிப்பேட்டையருகே கடலை யடைகின்றன. ஆற்றுநீர் அவ்வழிச் செல்ல, கடல்மீன் கருவாடாய் உலர்ந்து சந்தைக்கு வந்து சேர்கின்றது. அக்கருவாட்டுள் எளியோர் கைக்கு எட்டுவது காரல். காரப்பொடி என்பாரும் உளர். வல்லின றகரமிட்டுக் காறல் என்றெழுதுவாரும் உளர்.

காரல் என்பது ஒரு மீனின் பெயரன்று, ஒரு குலத்தின் பெயர். செங்கடல் முதற் பசிபிக் தீவுகள் வரையுள்ள வெப்பக் கடல்களில் ஏறக்குறைய ஐம்பது வகைகள் வாழ்கின்றன. 1869 இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் ஒருவகை மத்தியதரைக் கடலிலும் புகுந்துவிட்டது. பெரும்பாலன ஒரு சாண் நீளமும் இல்லாதவை. உடல் தட்டையாய் வெள்ளித் தகடு போல் மின்னும். மேனியெங்கும் வழுவழுப்பான நீர் சுரக்கும்.

தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் ஆறாகப் பகுத்தார். காரலை வகுத்த அறிஞர்க்கோ வாயே அளவுகோலாயிற்று. இம்மீனின் வாய் குழல்போல் முன்னீண்டு இரையை உறிஞ்சும். அது கீழ்நோக்கி நீளுமாயின் லியோக்நாதஸ். மேல்நோக்கி நீளுமாயின் செக்யூட்டர். நேராக நீண்டு கோரைப்பற்களும் உடையதாயின் காஸா. லியோக்நாதஸ் என்பது கிரேக்கச் சொல். மென்மையான தாடை என்பது பொருள். 1802 இல் லாசெப்பேது என்னும் பிரெஞ்சு அறிஞர் இப்பெயரிட்டார். பின் வந்தோருட் சிலர் காரலைப் பாரை மீன் குலத்தோடு சேர்த்தெண்ணினர். 1947 இல் தோன்றிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சார்ந்த ஜேம்ஸ் என்பார் 1975 இல் இக்குலம் முழுவதையும் ஆராய்ந்து எழுதினார். 2008 இல் இதன்கண் ஒரு புதிய இனம் வகுக்கப்பட்டபோது, இலங்கையில் வழங்கும் பெயரையே கொண்டு அதற்குக் 'கரல்லா' எனப் பெயரிட்டனர். மீன்விற்போர் வாய்ச்சொல் உலக நூல்களில் ஏறியது தமிழ் கற்பார்க்கு உவகை தருவதன்றோ?

இனி, வியப்பினும் வியப்பு ஒன்றுண்டு. காரலின் தொண்டையைச் சுற்றி ஒளியுறுப்பு ஒன்று மோதிரம் போல் அமைந்துள்ளது. ஒளியை உண்டாக்குவது மீனன்று. அவ்வுறுப்பினுள் குடியிருக்கும் நுண்ணுயிர்கள். தாய் அவற்றைக் குஞ்சிற்குத் தருவதில்லை. ஒவ்வொரு குஞ்சும் கடல்நீரினின்று தானே ஏற்றுக்கொள்கின்றது. மீன் அவற்றிற்கு உணவும் உறைவிடமும் அளிக்க, அவை விளக்காகின்றன. அவ்வொளி காற்றுப்பையின் வெள்ளிச் சுவரிற் பட்டுத் திரும்பி வயிற்றின்வழிக் கீழே பரவும். கீழிருந்து நோக்கும் பகைமீனுக்கு மேலே ஒரு நிழல் தெரியவேண்டும். வயிற்றொளி வானொளியோடு ஒத்துவிடுதலின் அந்நிழல் மறைகின்றது. இருளில் ஒளிப்பதற்கு ஒளியையே போர்வையாக்கிய விந்தை இது! பல வகைகளில் ஆணின் ஒளியுறுப்புப் பெண்ணினதினும் பெரிது. ஆணின் விலாவிலோ செவுளருகிலோ கண்ணாடி போன்ற தெளிந்த இடமும் உண்டு. அதன்வழி ஒளியை மினுக்கித் தன் இனத்தை யழைக்கும் என்பர். வெளித்தோற்றத்தால் ஒன்றுபோலுள்ள வகைகளைப் பிரித்தறிய இக்காலத்து ஆராய்ச்சியாளர் இவ்வொளிச் சாளரத்தையே பெரிதும் நோக்குகின்றனர். வாயால் வகுத்த காலம் போய் ஒளியால் வகுக்கும் காலம் வந்துவிட்டது.

காரல் கூட்டமாய்க் கடலடியில் மேய்வது; ஆதலின் இழுவை மடிக்கு எளிதில் அகப்படும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் இழுவைப் படகுகளுக்குத் தடையுண்டு. தடை நீங்கியபின் சிறுகண் மடிகளில் முட்டையிடா இளமீனும் சேர்ந்தே வருகின்றது. அவ்விளமீனில் ஒரு பங்கு உப்பிட்டு உலர்த்தப்படுவதுமில்லை; தூளாகிக் கோழித் தீவனத்திற்குச் செல்கின்றது. கடலைக் கண்டறியா மலையூரார்க்கு மலிவாய்க் கிட்டிய கடலுணவு இது. ஆலையும் ஏழையும் ஒரே கூடைக்கு விலை கூறுமிடத்து, கூடை ஆலைப் பக்கமே சாய்கின்றது.