மாத்திரையை நிறுத்தலாமா?

இருதயத் துடிப்பு ஒழுங்கு தப்பியவருக்கு வைத்தியர் மாத்திரை தருகிறார். சில நாளில் படபடப்பு அடங்குகிறது. "இனி ஜெபம் போதும்" என்று மாத்திரையை நிறுத்திவிடலாமா?

கூடாது. இருதயத்தின் மேலறைகள் முறையாய்ச் சுருங்காமல் நடுங்கும்போது இரத்தம் அங்கே தேங்கி உறையக்கூடும். அந்தக் கட்டி மூளைக்குச் சென்றால் பக்கவாதம் வரும். படபடப்பு தெரியாத நாளிலும் இந்த அபாயம் உண்டு. ஆகையால்தான் பலருக்கு இரத்தம் உறையாதிருக்க மருந்து தரப்படுகிறது.

திருச்சபையின் போதனை என்ன? 1957 நவம்பர் 24-ந் தேதி பாப்பரசர் 12-ம் பத்திநாதர் வைத்தியர்களுக்கு விளக்கினார்: உயிரைக் காக்கச் சாதாரண வழிகளைக் கையாளுவது கடமை, மிதமிஞ்சிய பாரமான வழிகள் கட்டாயமல்ல. மாத்திரையும் இரத்தப் பரிசோதனையும் பெரும்பாலோருக்குச் சாதாரண வழிகளே. அவற்றை அலட்சியம் செய்வது 5-ம் கற்பனைக்கு விரோதம். அபாயமுள்ள பெரிய சிகிச்சையானால், நன்மையையும் பாரத்தையும் வைத்தியரிடம் கேட்டறிந்து, ஜெபித்து, நோயாளியே தீர்மானிக்கலாம்.

கவனிக்க வேண்டியவை:

1. இரத்தக்கசிவு கண்டால் மறைக்காமல் உடனே வைத்தியரிடம் செல்லுங்கள்.

2. வார்ஃபரின் உண்போர் கீரையை ஒருநாள் மிகுதியாகவும் மறுநாள் இல்லாமலும் உண்ணலாகாது, அளவு மாறாதிருக்கட்டும். நாட்டு மருந்து உண்டால் அதையும் வைத்தியருக்குச் சொல்லுங்கள்.

3. பென்னாகரம், அரூர் பக்கத்திலிருந்து தருமபுரி ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போகும். அதற்கஞ்சிப் பரிசோதனையைத் தள்ளிப்போடுகிற ஏழைக்குத் துணையாய்ச் சென்று, செலவில் பங்கெடுப்பது சிறந்த பிறர்சிநேகக் கிரியை.

சீராக் ஆகமத்தின் 38-ம் அதிகாரத்தை இன்றிரவு குடும்பமாய் வாசியுங்கள். அங்கே ஜெபமும் வைத்தியமும் சேர்ந்தே நிற்கின்றன. நாம் அவற்றைப் பிரிக்காதிருப்போமாக.