இடது காலுக்கு வேலை உண்டா?

பின்வரும் வாசிப்புப் பகுதியைக் கருத்தூன்றி வாசித்திடுக.

அக்காவுக்கு ஈப்போவில் உள்ள ஒரு மருத்துவமனையில் தாதியாக வேலை கிடைத்து ஆறு மாதங்கள் ஆகியிருந்தன. நாங்கள் சுங்கை சிப்புட்டில் வசிக்கிறோம். எங்கள் வீட்டிலிருந்து ஈப்போ ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. காலை வேலை என்றால் அக்கா பேருந்தில் போய் வந்துவிடுவார். மாலை வேலை முடிந்து இரவு ஒன்பது மணிக்கு மேல் திரும்புவதுதான் சிக்கலாக இருந்தது. அப்பா மோட்டார் சைக்கிளில் சென்று அக்காவை அழைத்து வருவார். ஒருநாள் அடைமழையில் இருவரும் தொப்பலாக நனைந்து வந்து வாசலில் நின்றனர். அன்றே, “இனி ஒரு மகிழுந்து இல்லாமல் முடியாது,” என்று அம்மா உறுதியாகக் கூறிவிட்டார்.

அக்காவின் சேமிப்பையும் அப்பாவின் சேமிப்பையும் சேர்த்தால் 20,000 ரிங்கிட் இருந்தது. அந்தத் தொகைக்குப் புதிய மகிழுந்து கிடைக்காது. மாதத் தவணை கட்ட அக்காவுக்கு விருப்பமில்லை. எனவே, பயன்படுத்திய மகிழுந்து ஒன்றை வாங்குவது என்று முடிவாயிற்று. அதுவரை கருத்து வேறுபாடு ஏதும் இல்லை. எந்த வகைக் கியர் என்ற பேச்சு எழுந்தபோதுதான் வீடு இரண்டு பட்டது.

“கைமுறைக் கியர்தான் வாங்க வேண்டும்,” என்றார் அப்பா. அவர் இருபத்தைந்து ஆண்டுகள் லோரி ஓட்டியவர். “விலை குறைவு, பழுது பார்க்கும் செலவும் குறைவு. மின்கலம் வலுவிழந்தால்கூட நாலு பேர் தள்ளிவிட்டு இயந்திரத்தை முடுக்கலாம். ஆட்டோ கியரில் அதெல்லாம் நடக்காது.”

“அப்பா, பத்து மணி நேரம் நின்றுகொண்டே வேலை செய்துவிட்டு வருகிறேன். ஈப்போ நெரிசலில் கிளட்ச்சை மிதித்து மிதித்து ஓட்ட என்னால் முடியாது,” என்றார் அக்கா.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சோற்றைப் பரிமாறிவிட்டு, முழங்காலைத் தடவியபடி நாற்காலியில் அமர்ந்தார்.

மறுநாள் நாங்கள் மாமாவின் பட்டறைக்குச் சென்றோம். மாமா நீண்ட காலமாக மகிழுந்துகளைப் பழுதுபார்த்து வருபவர். நாங்கள் சொன்னதைக் கேட்டு அவர் சிரித்தார்.

“எது நல்லது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. யாருக்கு, எந்தச் சாலைக்கு, எவ்வளவு பணத்துக்கு என்று கேளுங்கள். அதற்குமுன், இரண்டும் எப்படி வேலை செய்கின்றன என்று தெரிந்துகொள்ளுங்கள்,” என்றார்.

பிறகு என்னைப் பார்த்து விளக்கத் தொடங்கினார். இயந்திரம் எப்பொழுதும் சுழன்றுகொண்டே இருக்கும். ஆனால், மகிழுந்து சில நேரம் நிற்க வேண்டும். சில நேரம் மெல்ல ஊர வேண்டும். சில நேரம் விரைய வேண்டும். ஆகவே, இயந்திரத்தின் சுழற்சியைத் தேவைக்கேற்ப மாற்றிச் சக்கரங்களுக்கு அனுப்ப ஒரு பெட்டி தேவைப்படுகிறது. அதுவே கியர் பெட்டி. புறப்படும்போதும் மேட்டில் ஏறும்போதும் வலிமை வேண்டும். அதற்குத் தாழ்ந்த கியர். நெடுஞ்சாலையில் வேகம் வேண்டும். அதற்கு உயர்ந்த கியர்.

கைமுறைக் கியரில் இயந்திரத்தையும் கியர் பெட்டியையும் இணைப்பது கிளட்ச் தகடு. இடது காலால் கிளட்ச் மிதியை அழுத்தினால் இரண்டும் பிரியும். அந்த நேரத்தில் கையால் கியரை மாற்றிவிட்டு, மிதியை மெல்ல விட வேண்டும்.

“தானியங்கிக் கியரில் கிளட்ச் மிதி இல்லையே. அப்படியானால், நிற்கும்போது இயந்திரம் ஏன் அணைந்து போவதில்லை?” என்று கேட்டேன்.

மாமா மேசையின்மீது இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்தார். ஒன்றை மட்டும் முடுக்கினார். சிறிது நேரத்தில், மின்சாரம் இல்லாத மற்றொரு விசிறியின் இறக்கைகளும் சுழலத் தொடங்கின. அதை விரலால் பிடித்து நிறுத்தினார். முதல் விசிறி நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

“பழைய வகைத் தானியங்கிக் கியர் இப்படித்தான். இங்கே காற்று, அங்கே எண்ணெய். ஒரு பக்கத்து இறக்கைகள் எண்ணெயைத் தள்ள, அது மறுபக்கத்து இறக்கைகளைச் சுழற்றும். கியர் மாற்றும் வேலையையும் பெட்டியே பார்த்துக்கொள்ளும். சிவிடி என்னும் வகையில் படிப்படியான கியர்கள் இல்லை. அகலத்தை மாற்றிக்கொள்ளும் இரண்டு கப்பிகளும் அவற்றை இணைக்கும் பட்டையும் இருக்கும். எந்த வகையானாலும் அதற்குரிய எண்ணெய்தான் உயிர். அதைக் காலத்தில் மாற்றாதவர்களின் மகிழுந்தை வாங்கினால், அவர்கள் மிச்சம்பிடித்த பணத்தை நாம் செலவழிக்க வேண்டியிருக்கும்.”

“கிளட்ச் தேய்ந்தால்?” என்றார் அப்பா, விட்டுக்கொடுக்காமல்.

“நீங்கள் சொல்வது சரிதான், மச்சான். கிளட்ச் மாற்றச் சில நூறு ரிங்கிட் போதும். தானியங்கிக் கியர் பெட்டி கெட்டால் சில ஆயிரம் ஆகலாம். அதனால்தான் பார்த்து வாங்க வேண்டும் என்கிறேன்.”

அப்பாவின் முகத்தில் வெற்றிப் புன்னகை தெரிந்தது.

அந்தச் சனிக்கிழமை மாமாவையும் அழைத்துக்கொண்டு ஈப்போவுக்குச் சென்றோம். முதலில் பார்த்தது சிவப்பு நிறத் தானியங்கி மகிழுந்து. பளபளவென்று மின்னியது. விலை 13,000 ரிங்கிட்தான். அக்காவுக்குப் பார்த்தவுடன் பிடித்துவிட்டது. மாமா இயந்திரத்தின் மூடியைத் தொட்டுப் பார்த்தார், சூடாக இருந்தது.

“நாம் வருவதற்கு முன்பே முடுக்கி வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த நிலையில்தான் பல குறைகள் வெளிப்படும்,” என்று எங்களிடம் மெல்லக் கூறினார்.

பின்னர்க் கியர் எண்ணெயின் அளவுகோலை உருவி, வெள்ளைத் துணியில் துடைத்தார். நல்ல எண்ணெய் சிவப்பு நிறத்தில் தெளிவாக இருக்குமாம். இது கரும்பழுப்பாக இருந்தது. கருகிய வாடையும் வீசியது. பிரேக்கை மிதித்தபடி பின்செல்லும் கியருக்கு மாற்றியபோது மகிழுந்து ‘திடுக்’கென்று குலுங்கியது. சாலையில் ஓட்டியபோது இயந்திரம் இரைந்ததே தவிர வேகம் கூடவில்லை. கியர் வழுக்குகிறது என்பதற்கு அது அடையாளம். நாங்கள் நன்றி கூறிவிட்டுப் புறப்பட்டோம். ‘மின்னுவதெல்லாம் பொன்னல்ல’ என்பதை அக்கா அன்று கண்கூடாகக் கண்டார்.

இரண்டாவது, கைமுறைக் கியர் கொண்ட பத்தாண்டுப் பழைய மைவி. விலை 14,500 ரிங்கிட். மாமா கைபிரேக்கை இழுத்துவிட்டு, மூன்றாம் கியரில் வைத்துக் கிளட்ச் மிதியை மெல்ல விட்டார். இயந்திரம் உடனே அணைந்தது. “அணையாமல் ஓடியிருந்தால் கிளட்ச் தேய்ந்துவிட்டது என்று பொருள். இது நன்றாக இருக்கிறது,” என்றார். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. விலையும் குறைவு; நிலையும் நன்று.

“ஒருமுறை ஓட்டிப் பார்,” என்று அக்காவிடம் சாவியைக் கொடுத்தார். அம்மா முன்னிருக்கையில் அமர்ந்தார். அப்பாவும் நானும் பின்னால் ஏறிக்கொண்டோம். மாலை ஐந்து மணி. சாலையில் வாகனங்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. கால் மணி நேரம் சுற்றிவிட்டுத் திரும்பினோம்.

மகிழுந்து நின்றதும், “நாற்பத்தேழு,” என்றார் அம்மா.

“என்ன நாற்பத்தேழு?” என்று கேட்டார் அப்பா.

“கிளட்ச்சை மிதித்தது. நான் எண்ணிக்கொண்டே வந்தேன்.”

அம்மா இறங்கி, ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தார். இடது காலைக் கிளட்ச் மிதியின்மேல் வைத்து அழுத்தினார். மிதி பாதிவரை சென்றது. அதற்குமேல் அவரால் முடியவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு காலை எடுத்துவிட்டார்.

அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. தொடக்கப்பள்ளிக்கு என்னை மகிழுந்தில் அழைத்துச் சென்றவர் அம்மா. பாட்டியை மருத்துவமனைக்கு ஏற்றிச் சென்றவரும் அவரே. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு இடது முழங்காலில் தேய்மானம் ஏற்பட்டபோது அவர் மகிழுந்து ஓட்டுவதை நிறுத்தினார். பழைய மகிழுந்தையும் விற்றுவிட்டோம். அதன்பின் சந்தைக்குப் போவதற்கும் எங்களில் ஒருவருக்காகக் காத்திருந்தார். அவர் மீண்டும் ஓட்ட விரும்புவாரா என்று நாங்கள் யாரும் கேட்டதே இல்லை.

அப்பா நெடுநேரம் பேசவில்லை. பிறகு மாமாவிடம், “இன்னும் ஒன்று இருக்கிறது என்றாயே, அது ஆட்டோவா?” என்று கேட்டார்.

மூன்றாவது மகிழுந்தும் மைவிதான், தானியங்கிக் கியர், விலை 18,000 ரிங்கிட். அதன் உரிமையாளர் ஓய்வுபெற்ற ஆசிரியர். பராமரிப்புக் குறிப்பேட்டை அவர் பத்திரமாக வைத்திருந்தார். கியர் எண்ணெய் மாற்றிய தேதிகளும் அப்போதைய கிலோமீட்டர் கணக்கும் அதில் இருந்தன. மீட்டரில் காட்டிய எண்ணோடு அவை பொருந்துகின்றனவா என்று மாமா சரிபார்த்தார். இயந்திரம் குளிர்ந்திருந்த நிலையில் முடுக்கினார். மேட்டிலும் பள்ளத்திலும் ஓட்டிப் பார்த்தார். குலுக்கல் இல்லை, வழுக்கல் இல்லை.

“பெட்ரோல் செலவு கைமுறைக் கியரைவிடச் சற்றுக் கூடலாம். இது பழைய நாலு கியர்ப் பெட்டி அல்லவா? ஆனால், மறுபடியும் விற்கும்போது விரைவில் விலைபோகும். இப்போது பெரும்பாலோர் தேடுவது தானியங்கியைத்தான்,” என்றார் மாமா.

உரிமை மாற்றத்துக்கு முன்பு மகிழுந்தைப் பரிசோதனை மையத்துக்குக் கொண்டு சென்றோம். அங்கே இயந்திர எண், அடிச்சட்ட எண் முதலியவற்றைச் சரிபார்த்தனர். “இந்தப் பரிசோதனை தேவைதான். ஆனால், கியர் பெட்டியின் உள்ளே எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை இதை வைத்து அறிய முடியாது. அதற்காகத்தான் நாம் முன்கூட்டியே பார்த்தோம்,” என்று மாமா எனக்கு விளக்கினார். எஞ்சிய 2,000 ரிங்கிட்டில் கியர் எண்ணெயையும் தேய்ந்திருந்த இரண்டு டயர்களையும் மாற்றினோம்.

சாவியைக் கொடுக்கும்போது மாமா மூன்று அறிவுரைகளைக் கூறினார். மகிழுந்து முழுமையாக நின்ற பிறகே பின்செல்லும் கியருக்கு மாற்ற வேண்டும். கேமரன் மலையிலிருந்து இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பக்கூடாது. தானியங்கியிலும் தாழ்ந்த கியரைத் தேர்ந்தெடுத்து, இயந்திரத்தின் உதவியோடு வேகத்தைக் குறைக்க வேண்டும். எண்ணெயை மாற்றும் காலத்தைத் தள்ளிப்போடக் கூடாது.

அன்றிரவு அப்பா என் அருகில் வந்து அமர்ந்தார். “அடுத்த ஆண்டு உனக்குப் பதினேழு வயது. நீ ‘டி’ வகை உரிமமே எடு. அதை வைத்துக்கொண்டு இரண்டு வகையையும் ஓட்டலாம். ‘டிஏ’ எடுத்தால் தானியங்கியை மட்டுந்தான் ஓட்ட முடியும். வேலை என்று வரும்போது வேன் ஓட்டச் சொன்னால் என்ன செய்வாய்? கியர் மாற்ற நான் சொல்லித் தருகிறேன்,” என்றார். அவர் கருத்தை அவர் முற்றாகக் கைவிடவில்லை என்பது எனக்குப் புரிந்தது. அதில் நியாயமும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா சாவியை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் புறப்பட்டார். அப்பா அவர் பக்கத்தில் அமர்ந்தார். நான் பின்னால் ஏறிக்கொண்டேன். அம்மா கண்ணாடியைச் சரிசெய்து, சாலையின் இருபுறமும் பார்த்து, மெல்ல வண்டியை நகர்த்தினார். சமிக்ஞை விளக்கில் நின்றார், மீண்டும் புறப்பட்டார். அவர் முகத்தில் வலியின் சுவடே இல்லை.

அப்பாவின் இடது கால் மட்டும், அங்கே இல்லாத கிளட்ச்சை ஒவ்வொரு முறையும் மிதித்துக்கொண்டிருந்தது.

சொற்பொருள்

தாதி – நோயாளிகளைப் பராமரிப்பவர்
மின்கலம் – மின்சாரத்தைச் சேமித்துத் தரும் கருவி, பேட்டரி
முடுக்குதல் – இயந்திரத்தை இயங்கச் செய்தல்
கப்பி – பட்டையோ கயிறோ சுற்றி ஓடும் சக்கரம்
அடிச்சட்ட எண் – வாகனத்தின் சட்டத்தில் பொறிக்கப்பட்டிருக்கும் அடையாள எண்

கருத்துணர் வினாக்கள்

1. அக்காவின் குடும்பத்தினர் பயன்படுத்திய மகிழுந்தை வாங்க முடிவெடுத்ததற்கான காரணங்கள் இரண்டனை எழுதுக.
2. இரண்டு மின்விசிறிகளைக் கொண்டு மாமா எதனை விளக்கினார்? உம் சொந்த நடையில் எழுதுக.
3. சிவப்பு நிற மகிழுந்தை வாங்காமல் விட்டதற்கான அறிகுறிகள் யாவை?
4. ‘தலைகால் புரியவில்லை’ என்னும் மரபுத்தொடர் இப்பகுதியில் உணர்த்தும் பொருள் யாது?
5. “நாற்பத்தேழு” என்று அம்மா கூறியது அப்பாவின் முடிவை எவ்வாறு மாற்றியது?
6. அப்பாவின் கருத்தில் நியாயம் இருந்தது என்று கூறப்படுகிறது. நீவிர் இதனை ஏற்கிறீரா? காரணங்களுடன் விளக்குக.

குழு நடவடிக்கை

உம் குடும்பத்தினர் ஒரு மகிழுந்து வாங்க எண்ணுவதாகக் கொள்க. அதனை யார் ஓட்டுவர், எந்தச் சாலையில் ஓட்டுவர், எவ்வளவு செலவிட இயலும் என்பனவற்றைப் பட்டியலிடுக. அப்பட்டியலின் அடிப்படையில் கைமுறைக் கியர், தானியங்கிக் கியர் ஆகிய இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, வகுப்பில் வாதிடுக.