மூலக்கூறு செல்லும் வாய்க்கால்

ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறாக்கினால் ஒரு கூறே நானோமீட்டர். டி.என்.ஏ. இழையின் தடிப்பு ஏறத்தாழ 2 நானோமீட்டர். அவ்விழை ஒன்றைத் தனியே ஆராய்வது எங்ஙனம்?

கரைசலில் இழை நூற்கண்டெனச் சுருண்டு கிடக்கும். சுமார் 100 நானோமீட்டர் அகல வாய்க்காலுள் புகுந்தால், சுருள இடமின்றி நீண்டுவிடும். ஒளிரும் சாயமேற்றினால் நுண்ணோக்கியில் அதன் நீளத்தையே அளக்கலாம். ஆனால், இத்தகைய வாய்க்காலை எலக்ட்ரான் கற்றையால் வரைந்து செதுக்க விலையுயர்ந்த கருவிகளும் தூசற்ற அறையும் வேண்டும். நம்மனைய கல்லூரிகளுக்கு அது எட்டாக் கனியே.

என் கருத்தைக் கவர்ந்தது, மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர் 2007-இல் வெளியிட்ட முறை. ரப்பர் போன்ற சிலிக்கோன் பலகையை ஆக்சிஜன் பிளாஸ்மாவுக்கு உட்படுத்தினால், மேற்பரப்பில் கண்ணாடியனைய மெல்லேடு உண்டாகும். இழுத்தால் ரப்பர் நீளும்; ஏடு நீளாது; எனவே இழுப்புக்குக் குறுக்கே நுண்வெடிப்புகள் தோன்றும். மூடப்பட்ட அவ்வெடிப்பே வாய்க்கால்! இழுப்பைத் தளர்த்தினால் வாய்க்கால் குறுகும். ஆகவே அகலத் திறந்து இழையை உள்ளே விட்டு, பின்னர் நெருக்கி நீட்டலாம்.

பிளாஸ்மாக் கருவியும் ஒளிர்வு நுண்ணோக்கியும் இதற்கும் தேவையே. ஆயினும் பலகையை வார்க்க ஓர் அச்சும் அடுப்பும் போதும்; கருவிகளைச் சில கல்லூரிகள் சேர்ந்து வாங்கிப் பகிரலாம். அவ்வழியை நம் துறைகள் எண்ணிப் பார்க்க வேண்டுமென விழைகிறேன்.