அணைக் கதவுகளும் பணி ஆணைகளும்

பாலக்காடு மாவட்டம், கொல்லங்கோடு வட்டாரத்திலுள்ள முதலமடை ஊராட்சியின் மலைப் பகுதியில் பரம்பிக்குளம் அணை அமைந்துள்ளது. நிலம் கேரளத்தைச் சேர்ந்தது. அணையை இயக்கிப் பராமரிப்பது தமிழ்நாடு அரசு. 2022 செப்டம்பர் 21ஆம் நாள் அதிகாலையில், எதிர் எடையின் சங்கிலி அறுந்ததால், இவ்வணையின் மூன்று கதவுகளில் நடுக்கதவு பெயர்ந்தது. நொடிக்குச் சுமார் 20,000 கன அடி நீர் சாலக்குடி ஆற்றில் பாய்ந்தது. 2024 ஆகஸ்டு 10ஆம் நாள் இரவு, கர்நாடகத்தின் துங்கபத்திரை அணையிலும் இவ்வாறே நிகழ்ந்தது. அங்குள்ள 33 கதவுகளில் 19ஆம் கதவு சங்கிலி அறுந்து அடித்துச் செல்லப்பட்டது.

இந்நிகழ்ச்சிகளுக்கு யார் பொறுப்பு என்று ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. பெரியதொரு பொதுச் சொத்தின் பயன் ஒரு சிறிய உறுப்பின் உறுதியைச் சார்ந்திருக்கிறது என்பதை இவை உணர்த்துகின்றன. அச்சிறு உறுப்பைப் பராமரிப்பு மென்பொருளில் எவ்வாறு கொண்டுவருவது என்பதே நாம் இங்கே காணவேண்டியது.

பதிவேடு

முதற்படி சொத்துப் பதிவேடு. 'அணை – 1, கதவு – 3' என்று எழுதினால் கணக்குத் தணிக்கைக்கு அது போதும், பராமரிப்புக்குப் போதாது. அணை, கதவு, தூக்கு இயந்திரம், சங்கிலி, எதிர் எடை, உருளைகள், நீர்க்கசிவைத் தடுக்கும் ரப்பர்ப் பட்டை எனப் படிப்படியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி எண் தருதல் வேண்டும். எந்த உறுப்பு பழுதுபட்டால் நீர் கட்டுக்கடங்காமல் வெளியேறுமோ, அந்த உறுப்பு வரையில் பதிவேடு இறங்க வேண்டும். தனி எண் இல்லாத சங்கிலிக்கு எந்த மென்பொருளும் பணி ஆணை பிறப்பிப்பதில்லை.

கால அட்டவணை

தடுப்புப் பராமரிப்புக்கான தவணையை இருவகையில் கணக்கிடலாம். முந்தைய பணி முடிந்த நாளிலிருந்து எண்ணுவது ஒருவகை. நாட்காட்டியில் நிலையான நாளைக் குறிப்பது மற்றொரு வகை. முதல் முறையில், மே மாதம் நடைபெற வேண்டிய ஆண்டுச் சோதனை ஒருமுறை ஜூலையில் முடிந்தால், அடுத்த ஆண்டின் தவணையும் ஜூலைக்குத் தள்ளிப்போகும். அதற்குள் தென்மேற்குப் பருவமழை வந்துவிடும். ஆதலின் மழையைச் சார்ந்த சோதனைகளுக்கு நிலையான நாளே ஏற்றது. மோட்டார் போன்றவற்றிற்கு ஓடிய மணிக்கணக்கையும் அடிப்படையாகக் கொள்ளலாம்.

கதவின் நீரில் மூழ்கும் பகுதிகளை முழுமையாகச் சோதிக்க, நீர்மட்டம் கதவின் அடிமட்டத்திற்குக் கீழே இறங்க வேண்டும். அன்றேல் நீரைத் தடுக்கும் தற்காலிகத் தடுப்புப் பலகைகள் வேண்டும். ஆகவே நாளுடன் நீர்மட்டத்தையும் மென்பொருளில் ஒரு நிபந்தனையாகச் சேர்த்தல் நலம். தாழ்ந்த நீர்மட்டம் ஆண்டில் சில வாரங்களே நீடிப்பதாயின், அந்த வாரங்கள் வீணாகிவிடாமல் அதுவே எச்சரிக்கும்.

பணி ஆணை

பணி ஆணை என்பது செய்ய வேண்டிய வேலையின் பெயர் மட்டுமன்று. எந்த உறுப்பு, என்ன அளவீடு, எந்தக் கருவி, எந்த உதிரிப்பாகம், யார் பொறுப்பு, எந்நாளுக்குள் ஆகிய ஆறும் அதில் இடம்பெற வேண்டும். பரம்பிக்குளத்திற்குச் சாலை வழி தமிழ்நாட்டின் சேத்துமடை வழியாகவே செல்கிறது. மலைக்கு மேல் சென்றபின் ஒரு கருவி இல்லையென்று திரும்புவதால் ஏற்படும் இழப்பை இதிலிருந்து உணரலாம்.

ஆணையை முடித்துவைக்கும் இடத்தில்தான் முறை பெரும்பாலும் பயனற்றுப் போகிறது. 'பார்க்கப்பட்டது, சரி' என்னும் குறிப்பைத் திரையில் ஏற்பது எளிது. அதற்கு மாறாக, சங்கிலிக் கண்ணியின் தேய்மானத்தை மில்லிமீட்டரில் பதிந்தால், ஆண்டுதோறும் அது எவ்வளவு குறைகிறது என்பது புலப்படும். அறுந்தபின் மாற்றுவதைத் தவிர்த்து, அறுவதற்கு முன் மாற்றும் வாய்ப்பு அப்போதுதான் கிட்டும். சோதிக்க இயலாத நிலையில் 'சோதிக்கப்படவில்லை' என்றெழுதிக் காரணத்துடன் ஆணையை நிலுவையில் வைத்தல் வேண்டும். நிலுவையைக் காட்டுவது ஊழியரின் குறையெனக் கருதப்படும் அலுவலகத்தில் பொய்யான நிறைவுகளே பெருகும்.

பொருளாதாரக் கணக்கு

நொடிக்கு 20,000 கன அடி வீதம் ஒரு நாள் முழுவதும் நீர் வெளியேறுவதாகக் கொள்வோம். ஒரு நாளில் 86,400 நொடிகள். ஆகவே இழப்பு ஏறத்தாழ 1.73 டி.எம்.சி. பரம்பிக்குளத்தின் கொள்ளளவு 17.82 டி.எம்.சி. எனவே கொள்ளளவில் சுமார் பத்தில் ஒரு பங்கு ஒரே நாளில் போய்விடும். கோவை, திருப்பூர் மாவட்டங்களின் பாசன முறை அந்நீரை எதிர்நோக்கியிருப்பது. ஆற்றின் கீழ்ப்பகுதி மக்களோ அதன் வேகத்திற்கு அஞ்சியிருப்பவர்கள். ஒரு சங்கிலியின் விலையை இந்த இரு இழப்புகளோடும் ஒப்பிட்ட பிறகே, பராமரிப்புச் செலவு மிகுதியா குறைவா என்று முடிவு செய்தல் முறை.

சட்டமும் கடமையும்

2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம், பருவமழைக்கு முன்னும் பின்னும் அணைகளைச் சோதிப்பதையும், பராமரிப்புக்குப் போதிய நிதி ஒதுக்குவதையும் கடமையாக்கியுள்ளது. ஒரு மாநிலத்தின் அணை மற்றொரு மாநில எல்லைக்குள் இருப்பின், மாநில அணைப் பாதுகாப்பு அமைப்பின் பணியைத் தேசிய அணைப் பாதுகாப்பு ஆணையமே ஏற்கும். பரம்பிக்குளமும், இடுக்கி மாவட்டத்து முல்லைப்பெரியாறும் இவ்வகையின. மத்திய நீர் ஆணையத்தின் 'தர்மா' என்னும் மென்பொருள், அணைகளின் விவரங்களையும் சோதனை முடிவுகளையும் ஓரிடத்தில் திரட்டுகிறது.

சோதனையில் கண்ட ஒவ்வொரு குறையும் ஒரு பணி ஆணையாக வேண்டும். ஒவ்வோர் ஆணையும் ஓர் அளவீட்டோடு முடிய வேண்டும். கொல்லங்கோட்டை அடுத்த மீன்கரை, சுள்ளியாறு போன்ற சிறிய அணைகளுக்கும் இவ்விதி பொருந்தும். நிலுவைப் பட்டியலை மாதந்தோறும் கேட்டுப் பார்க்கும் மேலதிகாரி ஒருவர் இருப்பாராயின், சாதாரணப் பதிவேட்டிலும் இம்முறை பயன் தரும். அத்தகையவர் இல்லாவிடின் சிறந்த மென்பொருளும் பயனின்றியே போகும்.