டைல்ஸ் கடைக்குப் போகும் முன்

மொசைக் தரை மங்கிவிட்டது, டைல்ஸ் போட்டுவிடலாம் என்று முடிவெடுத்ததும் எல்லோரும் முதலில் ஓடுவது கடைக்குத்தான். அவசரப்படாதீர்கள். முதலில் வீட்டின் மட்டத்தைப் பாருங்கள். என் அக்கா வீட்டில் டைல்ஸ் ஒட்டியதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் வாசல் கதவு பாதி திறந்ததும் தரையில் முட்டியது. முதல் மழைக்கே பால்கனித் தண்ணீர் ஹாலுக்குள் வந்துவிட்டது. மட்டம் பார்க்காமல் வேலையைத் தொடங்கியதன் பலன் அது.

1. தட்டிப் பாருங்கள்

மரக்கட்டையால் தரை முழுக்கத் தட்டுங்கள். ‘பொத்’தென்று சத்தம் வரும் இடங்களை மட்டும் உடைத்துச் சிமெண்ட் கலவையால் நிரப்பினால் போதும். பெரும்பகுதி அப்படியிருந்தாலோ, தரையில் ஈரம் ஏறினாலோ மொத்தத்தையும் உடைத்தே ஆகவேண்டும். மற்றபடி பழைய தரையின் மேலேயே ஒட்டலாம்.

2. மட்டம் பிடியுங்கள்

இதற்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். மேஸ்திரியிடம் விட்டுவிட்டு வெளியே போகாதீர்கள், மட்டம் பார்க்கும் டியூபின் ஒரு முனையை நீங்களே பிடியுங்கள்.

கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டியூபில் தண்ணீர் நிரப்புங்கள். உள்ளே ஒரு காற்றுக்குமிழி இருந்தாலும் அளவு தப்பிவிடும். ஹாலின் ஒரு மூலையில், தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் சுவரில் கோடு போடுங்கள். இந்த முனையில் தண்ணீர் அந்தக் கோட்டில் நிற்கும்போது மறுமுனையில் எங்கே நிற்கிறதோ, அங்கே இன்னொரு கோடு. இப்படியே எல்லா அறைகளிலும், எல்லா மூலைகளிலும், ஒவ்வொரு கதவு நிலைக்குப் பக்கத்திலும் போடுங்கள்.

பிறகு ஒவ்வொரு கோட்டிலிருந்தும் தரைவரை அளந்து, அளவைச் சுவரிலேயே எழுதுங்கள். அளவு குறையும் இடம் மேடு. ஹாலில் 91 செ.மீ., சமையலறை மூலையில் 89 செ.மீ. என்றால் சமையலறை 2 செ.மீ. மேடு. டைலும் ஒட்டும் பசையும் சேர்ந்து ஏறக்குறைய 1.5 செ.மீ. வரும். வீடு முழுக்க ஒரே மட்டம் வேண்டுமென்றால் ஹால் 3.5 செ.மீ. உயரும்.

இப்போது வீட்டைச் சுற்றி வாருங்கள். அந்த அளவுக்குக் கதவுகளின் அடியை அறுக்க முடியுமா? மரக்கதவை அறுக்கலாம், இரும்புக் கதவு பெரும்பாடு. மாடிப்படியின் முதல் படி 3.5 செ.மீ. குறைந்துவிடும், இருட்டில் இறங்கும்போது கால் தடுமாறும். ஒத்துவரவில்லை என்றால் சமையலறை மேட்டைக் கொத்தி எடுங்கள். ஒரு மேட்டுக்காக வீட்டையே உயர்த்த வேண்டாம்.

குளியலறையும் பால்கனியும் அறையைவிட அரை அங்குலமாவது தாழ்ந்திருக்க வேண்டும். தண்ணீர் போகும் துளையை நோக்கி மீட்டருக்கு ஒரு செ.மீ. வாட்டம் கொடுங்கள்.

3. பள்ளத்தை நிரப்புங்கள்

ஆழமான பள்ளத்தைப் பசையால் நிரப்பக் கூடாது. மொசைக்கின் வழவழப்பைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, கலவை போட்டு, ஒரு வாரம் தண்ணீர் விட்டு ஆற்றுங்கள்.

4. இப்போது வாங்குங்கள்

பரப்பளவுக்கு மேல் 10 சதவீதம் கூடுதலாக வாங்குங்கள். எல்லாப் பெட்டிகளிலும் ஒரே பேட்ச் எண் இருக்கட்டும்.

5. ஒட்டுங்கள்

விட்ரிஃபைட் டைல் தண்ணீரை உறிஞ்சுவது 0.5 சதவீதத்துக்கும் குறைவு. அதனால் சிமெண்ட் பால் அதில் சரியாகப் பிடிக்காது. டைல் மேல் டைல் ஒட்டுவதற்கென்றே விற்கும் பசையை வாங்குங்கள். டைலின் முதுகில் வெள்ளைப் பொடி இருந்தால் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். அதைத் துடைக்காமல் ஒட்டினால் பசை பொடியைப் பிடிக்கும், டைலைப் பிடிக்காது.

பல் கரண்டியால் பசையை ஒரே திசையில் கோடுகளாக இழுங்கள். ஒட்டிய முதல் டைலை உடனே பெயர்த்துப் பாருங்கள். முதுகு முழுக்கப் பசை அப்பியிருக்க வேண்டும். நடுவில் மட்டும் ஐந்து உருண்டை வைத்து ஒட்டுவதை அனுமதிக்காதீர்கள். வெற்று மூலையில் பீரோ கால் நின்றால் டைல் உடையும்.

வாசலில் முழு டைல் வரட்டும், வெட்டிய துண்டு கட்டிலுக்கு அடியில் போகட்டும்.

6. இடைவெளி விடுங்கள்

“கேப்பே தெரியக் கூடாது” என்று கேட்காதீர்கள். வெயிலில் டைல் விரியும். இடமில்லாவிட்டால் ஒரு நாள் இரண்டு டைல்கள் ஒன்றையொன்று நெட்டித்தள்ளிக் கூரைபோல் எழும்பிவிடும். நடுவில் 2 மி.மீ., சுவரோரம் 5 மி.மீ. விடுங்கள். சுவரோர இடைவெளியை ஸ்கர்ட்டிங் மறைத்துவிடும். ஒரு நாள் கழித்து டைல்களுக்கு இடையில் கிரவுட் நிரப்பலாம்.

கூலிப் பாக்கியைக் கொடுக்கும் முன் எல்லாக் கதவுகளையும் முழுக்கத் திறந்து மூடுங்கள். பால்கனியில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு, ஹால் பக்கம் நின்று பாருங்கள்.