கொள்ளைநோய் என்னும் சொல்

ஊரில் பல மாடுகள் ஒருங்கே வீழ்ந்தால் "கொள்ளை வந்தது" என்பர் நம் குடியானவர். கொள்ளை, 'கொள்' என்னும் வினையடியாகப் பிறந்தது. கவர்தலையும் மிகுதியையும் ஒருசேர உணர்த்தும். மேனாட்டார் கூறும் 'எபிடெமிக்' கிரேக்கத்தினின்றும் வந்தது: எபி, மேல், டெமொஸ், மக்கள். ஹோமர் காவியத்தில் அதன் பழைய வடிவம் தன் நாட்டிலிருப்பவனையே குறித்தது. ஹிப்பாக்ரட்டீஸ் பெயரால் வழங்கும் மருத்துவ நூல்களில்தான் அது பிணிக்கு ஆயிற்று. மக்கள் என்னும் பொருள் அதனுள் இருப்பதால், கால்நடைக்கென 'எபிஸூவாடிக்' எனப் பிறிதொரு சொல்லை ஆக்கினர். தமிழுக்கு அத்தொல்லை இல்லை. ஆளையும் ஆவையும் ஒரே சொல் அடக்கும்.

ஆயினும் நம் சொல்லில் ஓர் இடர் உண்டு. பல உயிர் போன பின்னரே கொள்ளை என்கிறோம். வெக்கை நோய் அப்பெயர்க்கு முற்றும் தகுந்ததாயிருந்தது. அது 2011-ல் உலகினின்றும் ஒழிந்ததாக அறிவிக்கப்பெற்றது. கோமாரி ஒழிந்திலது. அமராவதி நகரைச் சூழ்ந்த ஊர்களின் மாடுகள் சந்தைக்குச் சந்தை செல்வன. ஒரு பட்டியின் நோய் பல ஊர்க்கு எட்டும். 2009-ஆம் ஆண்டுக் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம் கொள்ளையாகும்வரை காத்திருக்கச் சொல்லவில்லை. ஐயந்தோன்றிய முதல் மாட்டைப் பற்றியே உடையவர் கிராம அதிகாரிக்கோ ஊராட்சிக்கோ அறிவித்தல் வேண்டும்; அங்கிருந்து அச்செய்தி எழுத்து மூலமாக அருகிலுள்ள கால்நடை மருத்துவரைச் சேரும். வாயில் நுரையும் குளம்பில் புண்ணும் கண்ட மாட்டைத் தனியே கட்டுக; பொதுத் தொட்டியில் தண்ணீர் காட்டற்க; சந்தைக்கு ஓட்டற்க.