ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் நடத்தப் போகிற பிள்ளைகளுக்கு

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளிலிருந்து எங்கள் வீட்டுத் திண்ணையில் செருப்புகள் சேர ஆரம்பித்துவிடும். "ஐயா, டீச்சர் ஆகணும். என்ன படிக்கணும்?" நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "எந்த வகுப்புக்கு டீச்சர்?" பாதிப்பேர் முழிப்பார்கள். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியிலேயே பணி முழுவதையும் கழித்தவன் என்ற உரிமையில், திண்ணையில் சொல்வதையே இங்கேயும் எழுதுகிறேன்.

1. முதலில் வகுப்பை முடிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் ஒன்று முதல் ஐந்து வரை எடுப்பவர் இடைநிலை ஆசிரியர். அதற்குப் பிளஸ் டூவில் குறைந்தது 50 சதவீத மதிப்பெண் வேண்டும். இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குச் சலுகை உண்டு. அதன்மேல் இரண்டு வருடம் தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பு. உங்கள் அம்மா காலத்தில் அதை 'டீச்சர் ட்ரெயினிங்' என்பார்கள், பிறகு டி.டி.எட். ஆனது, இப்போது டி.எல்.எட். ஆறு முதல் பத்து வரை எடுப்பவர் பட்டதாரி ஆசிரியர். அவருக்கு மூன்று வருட இளங்கலைப் பட்டமும் இரண்டு வருட பி.எட்.டும் வேண்டும். ஆரம்பத்திலேயே பிரிகிற இரண்டு பாதைகள் இவை.

2. பி.எட். முடித்தால் சின்ன வகுப்புக்கும் சேர்த்துப் போகலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2018 ஜூனில் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் அப்படி ஒரு கதவைத் திறந்தது உண்மை. 2023 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் அந்த அறிவிப்பை ரத்து செய்துவிட்டது. எங்கள் தெருப் பெண் ஒருத்தி வேதியியல் முடித்து, பி.எட்.டும் முடித்து, சின்னப் பிள்ளைகளுக்குத்தான் சொல்லித் தரணும் என்று காத்திருந்தவள். செய்தியைக் கேட்டு இந்தத் திண்ணையில்தான் அழுதாள். அவளுக்காக எனக்கும் வருத்தம்தான். ஆனாலும் தீர்ப்பு சரி என்பது என் எண்ணம். ஏன் என்று சொல்கிறேன்.

மூன்றாம் வகுப்பில் ஒரு பையன். 42இலிருந்து 17ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்று எழுதுவான். மூன்று நாள் நானும் சிவப்பு மையால் சுழித்துக்கொண்டே இருந்தேன். நாலாம் நாள்தான் "எப்படிடா போட்டே?" என்று கேட்கத் தோன்றியது. "ரெண்டுல ஏழு போகாது சார், அதான் ஏழுல ரெண்டைக் கழிச்சேன்" என்றான். அவனுக்கு எண் தெரியும், கழித்தலும் தெரியும். பத்தைப் பிரிக்கலாம் என்பது மட்டும் தெரியாது. ஈர்க்குச்சியைப் பத்துப் பத்தாகக் கட்டி நாலு கட்டும், உதிரி இரண்டும் கையில் கொடுத்தேன். "எனக்குப் பதினேழு கொடு." ஒரு கட்டைக் கொடுத்தான். உதிரி இரண்டையும் கொடுத்தான். அப்புறம் கை நின்றுவிட்டது. என் முகத்தைப் பார்த்தான். நான் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவனாகவே இன்னொரு கட்டின் நூலை அவிழ்த்து, அதிலிருந்து ஐந்து குச்சியை எண்ணி வைத்தான். மீதி இரண்டு கட்டு, ஐந்து உதிரி. "இருபத்தஞ்சு சார்!" அன்றைக்கு அந்த நூலை நான் அவிழ்த்துக் காட்டியிருந்தால் அவன் கற்றிருக்க மாட்டான். எங்கே கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும் என்பதுதான் இந்தத் தொழிலின் படிப்பு. ஆறு வயதுக் கை எப்படிப் பென்சில் பிடிக்கும், ணகரமும் னகரமும் எங்கே குழம்பும், எழுத்துக்கு முன் கதை எதற்கு என்பதையெல்லாம் பட்டயப் படிப்பில் இரண்டு வருடம் உட்கார்ந்து படிக்கிறார்கள். பட்டதாரி ஆசிரியருக்கான படிப்பின் நோக்கம் வேறு.

3. "டிப்ளமோதானே" என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். விடுங்கள். பதினேழு வயதில் சேர்ந்தால் பத்தொன்பதில் பட்டயம் கையில் இருக்கும். அதன்பிறகு கல்லூரியிலோ தொலைநிலைக் கல்வியிலோ பட்டம் படியுங்கள், கட்டாயம் படியுங்கள். பின்னால் பதவி உயர்வுப் பேச்சு வரும்போது அது வேண்டும். அதைவிட, வரலாறோ விலங்கியலோ ஏதாவது ஒன்றை ஆழமாகப் படித்தவர் ஐந்தாம் வகுப்பில் நிற்பதற்கே ஒரு தனி வெளிச்சம் உண்டு.

4. பட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போதுதான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். தமிழ், ஆங்கிலம், கணிதம், இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல், வரலாறு, புவியியல் இவற்றில் குழப்பம் இல்லை. வணிகவியல், பொருளியல் எடுப்பவர்கள் முதுகலையும் முடித்தால்தான் இங்கே பி.எட்.டில் சேர முடியும். பாடத்தின் பெயரில் 'பயன்பாட்டு' என்றோ வேறு அடைமொழியோ ஒட்டியிருந்தால் அதற்கு இணைத்தன்மை அரசாணை இருக்கிறதா என்று சேரும் முன்பே கேளுங்கள். தேர்வில் தேறி, சான்றிதழ் சரிபார்ப்பு மேசை வரை போய், அந்த ஒரு சொல்லால் திரும்பி வந்தவர்களை எனக்குத் தெரியும். அதேபோல, பிளஸ் டூ இல்லாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாக வாங்கிய பட்டமும் ஆசிரியர் பணிக்கு உதவாது. பத்து, பிளஸ் டூ, பட்டம் என்ற வரிசை அறுபடக் கூடாது.

5. தொடக்கக் கல்விக்கென்றே நான்கு வருடப் பட்டப்படிப்பும் நாட்டில் வந்தது. டெல்லிப் பல்கலைக்கழகம் 1994இலேயே பி.எல்.எட். தொடங்கியது. அதில் இன்னும் சேர்க்கை நடக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். 2020 தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு நான்கு வருட ஒருங்கிணைந்த படிப்புகளும் வந்திருக்கின்றன. அவற்றுக்குத் தேசிய அளவில் நுழைவுத்தேர்வு உண்டு. அந்தப் படிப்பு எந்தக் கட்டத்துக்கானது என்று மட்டும் கேட்டுவிட்டுச் சேருங்கள். உயர்நிலை வகுப்புக்கான படிப்பில் சேர்ந்துவிட்டு ஒன்றாம் வகுப்பைத் தேடக் கூடாது.

6. நிறுவனம். மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தில் இடம் கிடைத்தால் வேறு யோசனையே வேண்டாம். தனியார் என்றால் தேசியக் குழுமத்தின் அங்கீகாரக் கடிதத்தைக் கண்ணால் பாருங்கள். "வகுப்புக்கு வரவே வேண்டாம், சர்டிபிகேட் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்கிற இடத்தில் ஒரு நிமிடம்கூட நிற்காதீர்கள். கற்பித்தல் பயிற்சிக்குப் பள்ளிக்கு அனுப்புகிற அந்த வாரங்கள்தான் படிப்பின் உயிர். நான் ஈர்க்குச்சி கட்டக் கற்றுக்கொண்டது அங்கேதான்.

7. தகுதித் தேர்வு. டெட் தாள் ஒன்று: குழந்தை மேம்பாடும் கற்பித்தலும், தமிழ், ஆங்கிலம், கணிதம், சூழ்நிலையியல் என ஐந்து பகுதி, ஒவ்வொன்றிலும் 30 கேள்வி, மொத்தம் 150. பொதுப் பிரிவுக்குத் தேர்ச்சி 90. 2012 ஜூலையில் முதல் தேர்வு நடந்தபோது ஒன்றரை மணி நேரம்தான் கொடுத்தார்கள். நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. அக்டோபரில் மூன்று மணி நேரமாக்கி மறுபடி நடத்தினார்கள். எங்கள் காலத்தில் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்புதான். இன்று டெட் தேறினாலும், 2018ஆம் ஆண்டு அரசாணைப்படி நியமனத்துக்கு இன்னொரு போட்டித் தேர்வு எழுத வேண்டும். 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் பாக்கி இருக்கிற பணியிலுள்ள ஆசிரியர்களும் டெட் தேற வேண்டும் என்று சொல்லிவிட்டது. ஆகவே பட்டயத்தின் இரண்டாம் வருடத்திலேயே இதற்குப் படிக்கத் தொடங்குங்கள். கைடு வாங்கும் முன் பள்ளிப் பாடநூல்களை வரி விடாமல் வாசியுங்கள்.

8. காத்திருக்கும் வருடங்கள் நீளலாம். பணியிடம் எப்போது அறிவிப்பார்கள் என்பது நம் கையில் இல்லை. அந்த நாட்களில் தெருப் பிள்ளைகள் நாலு பேரைச் சாயங்காலம் கூட்டி உட்கார வையுங்கள். வெவ்வேறு வகுப்புப் பிள்ளைகளாக இருந்தால் இன்னும் நல்லது. நீங்கள் போகப்போகிற இடம் அநேகமாக ஈராசிரியர் பள்ளிதான். ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர். 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஒரே வகுப்பிலேயே அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து நடத்தினார்கள். ஒரு பக்கம் எழுத்து, இன்னொரு பக்கம் வாசிப்பு என்று மனத்தைப் பகிர்ந்து வைக்கிற பழக்கம் புத்தகத்தில் வராது.

9. கடைசியாக ஒரு வேலை. விண்ணப்பம் வாங்கும் முன், பக்கத்துத் தொடக்கப்பள்ளித் தலைமை ஆசிரியரிடம் அனுமதி கேட்டு, ஜூனில் பள்ளி திறக்கும் முதல் வாரம் ஒன்றாம் வகுப்பில் போய் உட்காருங்கள். நாற்காலியில் வேண்டாம், தரையில். ஒரு பிள்ளை வாசலைப் பார்த்து அழும். ஒன்று பையைக் கழற்றவே மாட்டேன் என்று அணைத்துக்கொண்டிருக்கும். ஒன்று உங்கள் மடியில் வந்து உட்கார்ந்து, மூக்கைத் துடைக்கச் சொல்லி முகத்தை நீட்டும். துடைத்துவிட்டு வாருங்கள், பேசலாம்.